புதிய கையும் பழைய சாலையும்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டம் முடிந்து படியிறங்கிக் கொண்டிருந்தபோது, செம்பூரில் வாழும் அன்பர் ஒருவர் நம்மை வழிமறித்தார். உடன் அவருடைய மகளும் வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது, வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது, கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கி மூன்று வாரமே ஆகிறது. திருநெல்வேலியில் இருக்கும் அவளுடைய பெரியப்பா, தம்முடைய காரை நியாயமான விலைக்கு அவளுக்கே கொடுத்துவிடுவதாக எழுதியிருக்கிறாராம்.

"அண்ணாச்சி, ஊரிலே ஓடின வண்டிக்கும் இங்கே ஓடப் போகிற வண்டிக்கும் இன்ஷ்யூரன்ஸ் பணம் ஒன்றுதானா? இந்த நெரிசலுக்கு இரண்டு பங்கு கேட்பார்கள் என்று சொல்லுகிறார்களே!" என்றார் அன்பர்.

"மாமா, நான் புதிதாக ஓட்டுகிறவள் என்பதற்காகவும் கூடுதலாகக் கேட்பார்களா?" என்றாள் மகள்.

படிக்கட்டில் நின்றபடி விடை சொல்லிவிடக் கூடிய வினாக்கள் அல்ல இவை. மேலும், பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் வண்டி வாங்க நினைக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இவை பொதுவானவை. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை இதற்கே ஒதுக்கினோம்.

முதலில் ஓர் அடிப்படை. மோட்டார் காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. நம் வண்டியால் பிறருக்கு நேரும் சாவுக்கும் காயத்துக்கும் பொருட்சேதத்துக்கும் ஈடு கொடுப்பது ஒன்று; இதனை மூன்றாம் நபர் காப்பீடு என்பர். நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கும் திருட்டுக்கும் ஈடு கொடுப்பது மற்றொன்று. இது சொந்தச் சேதக் காப்பீடு. முன்னது சட்டப்படி கட்டாயமானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதனை விதிக்கிறது. அஃதின்றி வண்டி ஓட்டினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பின்னது நம் விருப்பம்.

இந்த இரண்டில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு ஊர் பேதமே கிடையாது. அதன் கட்டணத்தைக் கம்பெனிகள் தாமாக வைத்துக்கொள்ள முடியாது, அரசே அறிவிக்கிறது. எஞ்சினின் கொள்ளளவு ஒன்றே அதற்கு அளவுகோல். 2022 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, சொந்த உபயோகக் கார்களில் 1,000 சி.சி.க்கு மேற்படாதவற்றுக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கும் மேற்பட்டவற்றுக்கு 7,897 ரூபாய். தாதர் மேம்பாலத்தின் நெரிசலில் நகர்ந்தாலும், தாமிரபரணிக் கரையில் காற்று வாங்கியபடி போனாலும் இத்தொகை ஒன்றே. ஓட்டுபவர் நேற்றுப் பழகியவரா, முப்பது ஆண்டு அனுபவசாலியா என்பதையும் இது கேட்பதில்லை.

ஊர் பேதம் புகுவது சொந்தச் சேதக் காப்பீட்டில்தான். 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் நாட்டை இரண்டு மண்டலங்களாகப் பிரித்தன. ஆமதாபாத், பெங்களூர், சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, புதுதில்லி, புனே ஆகிய எட்டு நகரங்களும் முதல் மண்டலம். எஞ்சிய இந்தியா முழுவதும் இரண்டாம் மண்டலம். நெரிசலும் மோதலும் திருட்டும் பெருநகரங்களில் மிகுதி என்பதே இப்பிரிவின் கருத்து. வண்டி எந்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதோ அதைக் கொண்டே மண்டலம் கணிக்கப்படும்.

இனி, அன்பர் அஞ்சிய 'இரண்டு பங்கு' எங்கே என்று பார்ப்போம். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள, ஐந்து ஆண்டுக்கு மேற்படாத காருக்கு அவ்விதிகள் வைத்த விகிதம், முதல் மண்டலத்தில் நூற்றுக்கு 3.283; இரண்டாம் மண்டலத்தில் நூற்றுக்கு 3.191. வண்டியின் காப்பீட்டு மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மும்பையில் 16,415 ரூபாய். திருநெல்வேலியில் 15,955 ரூபாய். வேறுபாடு 460 ரூபாய்! இத்தனை பெரிய நகரத்தின் நெரிசல் முழுவதற்கும் விதிப்புத்தகம் போட்ட விலை இவ்வளவுதான்.

2007 ஜனவரி முதல் சொந்தச் சேதப் பகுதியின் கட்டணத்தைக் கம்பெனிகள் தாமே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ஆகையால் இன்று கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். பழைய விகிதத்திலிருந்து பெருந்தள்ளுபடி கொடுப்போரும் உண்டு. பதிவு அலுவலகம்தோறும் தனித்தனி விலை வைப்போரும் உண்டு. நாலு இடங்களில் விசாரித்து வாங்குவது நன்று. ஆயினும் ஊரின் பெயரைக் கேட்ட அளவில் விலை இரட்டிக்கும் என்ற அச்சம் வேண்டியதில்லை.

மகளின் வினாவுக்கு வருவோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருக்கும் நம் உறவினர் இதைக் கேட்டால் வியப்பார்கள். அங்கே காப்பீடு பெரும்பாலும் ஓட்டுபவரைப் பார்த்துத் தரப்படுவது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரைத் தந்தையின் பாலிசியில் சேர்த்த அளவிலேயே கட்டணம் துள்ளி ஏறும். நம் நாட்டிலோ காப்பீடு வண்டியைப் பார்த்துத் தரப்படுவது. வண்டி என்ன வகை, வயது என்ன, மதிப்பு என்ன, எங்கே பதிவானது என்பனவே இங்கு முதன்மையான வினாக்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள எவரும், உரிமையாளரின் சம்மதத்தோடு, அதே பாலிசியின் காப்பில் ஓட்டலாம். வண்டி ஓடும் தூரத்தையும் ஓட்டும் முறையையும் கருவி கொண்டு அளந்து கட்டணம் குறிக்கும் திட்டங்களுக்கு 2022 ஜூலையில் ஒழுங்குமுறை ஆணையம் இடம் அளித்தது உண்மை. ஆனால் அவை நாமாக விரும்பிச் சேர்த்துக்கொள்பவையே.

அப்படியானால் ஊரின் சாலை புதிய ஓட்டுநரிடம் ஒன்றும் வசூலிப்பதில்லையா? வசூலிக்கிறது, நன்றாகவே வசூலிக்கிறது. முன்வாசலில் கேட்காமல் கொல்லைப்புறமாக வந்து வாங்கிக்கொண்டு போகிறது. நேயர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

கிளெய்ம் எதுவும் செய்யாமல் ஓராண்டு கழித்தவருக்கு, மறு ஆண்டின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் நூற்றுக்கு 20 தள்ளுபடி உண்டு. இதுவே 'நோ கிளெய்ம் போனஸ்'. இரண்டாம் ஆண்டு கழிந்தால் 25. பின்னர் 35, 45. ஐந்து ஆண்டு கழிந்தால் 50. இந்த ஏணியில் எந்தப் படியில் நின்றாலும், ஒரே ஒரு கிளெய்ம் செய்தால் தரைக்கு வந்துவிட வேண்டியதுதான். மண்டல வேறுபாடு 460 ரூபாயாக இருந்த அதே வண்டிக்கு, இந்த ஏணியின் உச்சிப்படி 8,207 ரூபாய் பெறும் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், பணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது விளங்கும்.

இதை நாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், மாதுங்கா மார்க்கெட் அருகே வண்டியைப் பின்னுக்கு எடுக்கையில், நம் வீட்டுப் பிள்ளை ஒரு தூணில் இடித்துவிட்டான். அவன் லைசென்ஸ் வாங்கிய புதிது. பின்புற பம்பர் பிளந்தது. பழுது பார்த்த செலவு 6,000 ரூபாய். அதில் பம்பருக்கு 4,000, கூலிக்கு 2,000. 'இன்ஷ்யூரன்ஸ் எதற்கு இருக்கிறது?' என்று பெருமிதத்தோடு கிளெய்ம் எழுதிக் கொடுத்தோம். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழிப்பது விதி. ஆகவே 2,000 போயிற்று. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய், 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு, உரிமையாளர் பொறுப்பு, அதுவும் போயிற்று. கைக்கு வந்தது 3,000 ரூபாய்.

அப்போது நாம் மூன்று ஆண்டு கிளெய்ம் இன்றிக் கழித்து, 35 என்ற படியில் நின்றோம். மறு ஆண்டு 45 ஆகியிருக்க வேண்டும். தள்ளுபடிக்கு முந்திய பிரீமியம் ஏறத்தாழ 10,000 ரூபாய். ஆக, அந்த ஓர் ஆண்டிலேயே 4,500 ரூபாய் தள்ளுபடியை இழந்தோம். அதற்கடுத்த ஆண்டு 50 இருக்க வேண்டிய இடத்தில் 20தான். அதிலும் ஏறத்தாழ 3,000 ரூபாய் நஷ்டம். மூவாயிரத்தை வாங்கிக்கொண்டு ஏழாயிரத்துக்கு மேல் விட்டுக்கொடுத்தோம். கம்பெனியின்மீது குறையில்லை, விதிகளெல்லாம் பாலிசியில் அச்சிட்டே இருந்தன. படிக்காதது நம் குறை.

மும்பையின் நெரிசல் புதியவருக்குச் செய்யும் தீங்கு பெரும்பாலும் இவ்வகைப்பட்டது. ஆட்டோவின் உரசல், சொஸைட்டி வாசலின் கம்பி, கட்டடத்துக்குக் கீழே நெருக்கி நிறுத்தும்போது விழும் கீறல் என்று முதலாண்டில் நாலைந்து நேரலாம். ஒவ்வொன்றும் சிறிது; ஆனால் எதற்கேனும் கிளெய்ம் செய்தால் ஏணி சரியும். திருநெல்வேலியில் பத்தாண்டு ஓட்டினாலும் இத்தனை உரசல் வாராது. விதிப்புத்தகத்தில் 460 ரூபாயாகத் தோன்றிய ஊர் வேறுபாடு, நடைமுறையில் ஆயிரக்கணக்காக வளர்வது இவ்வாறுதான். சிறு செலவைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு, பெரும் சேதத்துக்கு மட்டும் பாலிசியை நாடுவதே கணக்கு அறிந்தவர் வழி. பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் இந்தப் போனஸ் போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்நகரத்துக்கே உரிய மற்றொரு நிலைமை மழை. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த மழையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அவ்வளவு பெரிய மழை வேண்டியதில்லை. கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்துமாதாவிலும் அந்தேரி சுரங்கப்பாதையிலும் சாதாரண மழைக்கே தண்ணீர் தேங்குவதை ஆண்டுதோறும் காண்கிறோம். வெள்ளச் சேதம் சொந்தச் சேதக் காப்பீட்டில் அடங்கியதுதான். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால், எஞ்சினுக்குள் தண்ணீர் இழுபட்டு, உள்ளே இருக்கும் தண்டுகள் வளைந்துவிடும். இது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் அன்று, ஓட்டியவர் செய்கையால் பின்னர் விளைந்தது என்று கூறிப் பொதுவாகக் கம்பெனிகள் பணம் தர மறுக்கின்றன. எஞ்சினை மாற்றும் செலவோ சிறிய காரின் விலையில் கணிசமான பங்கு.

பழகிய கை, வண்டி நின்றால் சாவியை எடுத்துவிட்டு இறங்கிக்கொள்ளும். புதிய கையோ பதற்றத்தில் மீண்டும் மீண்டும் திருகும்; பின்னால் நிற்பவர்களின் ஹாரன் சத்தம் திருகச் சொல்லும். ஆகவே மும்பையில் ஓட்டப்போகும் புதியவர், எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பைச் சிறிது பணம் சேர்த்துக் கட்டி வாங்கிக்கொள்வது நலம். அதனினும் பெரிய பாதுகாப்பு, தண்ணீரில் நின்ற வண்டியைத் தொடுவதில்லை என்ற உறுதி. அதற்குப் பிரீமியம் இல்லை.

இதுவரை பேசியது பணத்தைப் பற்றி. இனிப் பேசப்போவது குடும்பத்தையே ஆட்டிவிடக் கூடியது. பாலிசியின் காப்பு, ஓட்டுபவரிடம் முறையான லைசென்ஸ் இருக்கும்வரையில்தான். பழகுநர் லைசென்ஸ் வைத்திருப்பவரும் ஓட்டலாம். ஆனால் லைசென்ஸ் உள்ள பயிற்சியாளர் ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் உடன் அமர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பாக 'எல்' எழுத்து இருக்க வேண்டும். ஞாயிறு காலை, தெரு வெறிச்சோடியிருக்கிறதே என்று தனியாக ஒரு சுற்றுச் சுற்றிவர விடுவது நம் வீடுகளில் நடக்கிறது. அந்தச் சுற்றில் ஒரு பாதசாரிக்கு ஆபத்து நேர்ந்துவிட்டால்?

2004ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் இதனைத் தெளிவாக்கியது. லைசென்ஸ் நிபந்தனையை உரிமையாளர் மீறியிருந்தாலும், பாதிக்கப்பட்டவரைக் கைவிடலாகாது. கம்பெனி முதலில் அவருக்கு ஈடு கொடுக்குமாறு உத்தரவிடலாம். ஆனால் மீறல் உரிமையாளரின் குற்றமே என்று கம்பெனி நிலைநாட்டினால், அத்தொகையை அவரிடமிருந்தே திரும்ப வசூலித்துக்கொள்ளலாம். சாவுக்கோ காயத்துக்கோ மூன்றாம் நபருக்குத் தரவேண்டிய ஈட்டுக்கு உச்சவரம்பு இல்லை. சம்பாதிக்கும் ஒருவர் இறந்துபட்டால் அது பல லட்சங்களாக ஆகும். அவ்வளவும் நம் தலையில் விழும். ஊரில் உள்ள வீடும் நிலமும் போதாமற் போகலாம். வண்டியைப் பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் கொடுத்தாலோ, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வண்டிப் பதிவின் ரத்தும் உண்டு. அப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் ஒருவருடைய பெயரோடு நம் வீட்டுப் பிள்ளையின் பெயர் வழக்கில் சேராதிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய இலாபம் எந்தப் பாலிசியிலும் இல்லை.

இறுதியாக, ஊரிலிருந்து வண்டியை வாங்கி வருவோருக்குச் சில சொற்கள். முதலாவது, விற்றவர் சேர்த்து வைத்த போனஸ் வண்டியோடு வாராது. அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. பெரியப்பா பத்தாண்டு கிளெய்ம் செய்யாதிருந்தாலும், மகள் ஏணியின் அடியிலிருந்தே ஏறவேண்டும். இரண்டாவது, கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றும்படி கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றாவிட்டால் மூன்றாம் நபர் காப்பு தொடரும். ஆனால் வண்டிக்கு நேரும் சேதத்துக்குக் கேட்க உரிமை இராது. 'உறவுக்குள் நடந்த விற்பனைதானே, பெரியப்பா பெயரிலேயே இருக்கட்டும்' என்ற எண்ணம் விபத்து நாளன்று கண்ணீர் விடச் செய்யும். மூன்றாவது, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு திங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று பெற்று இங்கு புதிய எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். எண் மாறியதைக் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். அடிக்கடி மாநிலம் மாற்றப்படும் அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் 2021 முதல் 'பி.எச்.' வரிசை எண் பெற வழி உண்டு, தகுதியுள்ளோர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் அடுத்த ஞாயிறன்று அன்பரின் இல்லத்துக்கே சென்று, காப்பி அருந்தியபடி சொன்னோம். மகள் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். முடிவில் அவள் கேட்டாள்: "அப்படியென்றால் மாமா, கம்பெனி என்னிடம் கேட்கப்போகும் பணத்தை நான்தான் ஒவ்வொரு நாளும் தெருவிலே நிர்ணயிக்கிறேன், இல்லையா?"

நாம் இத்தனை பக்கங்களில் சொல்ல முயன்றதை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். தந்தையோ, மழைக்காலம் முடியும்வரை வண்டி ஊரிலேயே இருக்கட்டும் என்று தீர்மானித்துவிட்டார். அதுவரை மகள் பயிற்சிப் பள்ளி வண்டியிலேயே, ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செம்பூர் நாக்கா நெரிசலில் பழகுகிறாள். வண்டி வந்து சேரும் நாளில் கையும் சற்றுப் பழகியிருக்கும். நாம் அறிந்தவரையில், புதிய ஓட்டுநருக்கு இதனினும் மலிவான காப்பீடு இல்லை.